அடிக்காத அப்பா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் ஏதோ இருக்கிறோம். உள்ளே உனக்குப் பல்வலி குறைந்ததா? வலித்தால் வாயைத் திறந்து சொல், பொறுத்துக்கொண்டு இராதே.

உன் மனைவியை நீ அடித்த வழக்கில் தண்டனை குறைந்தது எனக்கு நிம்மதிதான், இல்லை என்று சொல்லவில்லை. குறைத்தவர் நீதிபதி, குறைக்க வைத்தது என் பொய். சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்த பையன் என்று சொல்லுங்கள், அது ஒன்றுதான் கைகொடுக்கும் என்றார் வக்கீல். கூண்டில் ஏறி, இவன் அப்பா பெல்ட்டால் விளாசுவார் என்றேன். உன் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, உண்மையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து, பையன் சீக்கிரம் வந்துவிடுவான் என்று மட்டும் சொன்னார்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பிள்ளையையே அடித்தவரிடம் எங்கள் பிள்ளைகளை எப்படி விடுவது என்று நாலு பேர் கேட்க, பள்ளிக்கூடத்தில் அவர் ஓட்டிய வேனின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை. வழியில் ஏதாவது குழந்தை பழக்கத்தில் கையசைத்தால் குனிந்துகொண்டே போய்விடுகிறார்.

உன் மனைவி வந்திருந்தாள். அவளுக்கு இடது காது இனிக் கேட்காதாம். "அத்தை, மாமா என்னை ஒரு அதட்டல் போட்டதில்ல. என் காதுக்கு அவரை எப்படிக் காரணமாக்குனீங்க?" என்று கேட்டாள். போகும்போது மாமாவிடம் சொல்லிக்கொண்டு போனாள், என்னிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உன் கடிதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே ஆலோசனை சொல்ல வருகிறவரிடம் மனம்விட்டுப் பேசினாயாம். அப்பா அடித்து வளர்த்ததால்தான் நீயும் கை ஓங்குகிறாய் என்று புரிந்ததாம். அவரை மன்னித்துவிட்டாயாம். யாரை யாரடா மன்னிப்பது? அந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படித்தவர் அப்பாதான். என்னிடம் நீட்டி, அவன் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், அவனுக்கு அது ஆறுதலாக இருக்கிறது என்றார்.

எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் பொய்யை நான் நீதிபதிக்குத்தான் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை அடித்தது உன் கை. வேறு யார் கையும் அதற்குப் பின்னால் இல்லை. வெளியே வருவதற்குள் அப்பாவுக்கு ஒரு வரி எழுதிவிடு. என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும்.

நீ நல்லபடி வாழவேண்டும் என்றுதான் இன்னமும் வேண்டிக்கொள்கிறேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு.

அம்மா