ஏகாம்பரத்தின் கை

1963 பிப்ரவரி 11, திங்கள். ஊரிகம்

காலையில் குளிர். தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி. மீசையில் நரை கூடிவிட்டது என்றாள் சரோஜா. தூசி என்றேன். துடைத்த பிறகும் இருந்தது.

சுரங்கத்தின் ஆழ லெவலிலிருந்து மூன்று பெட்டி கல். பாறையைத் துளைத்து எடுக்கிற உருளைகள். எனக்கு வேண்டியது சாண் நீளத்தில் முழுசாக ஒன்று. அழுத்த மெஷினில் வைத்து, எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்க்க. பதினெட்டு வருடப் பௌதிக ஆராய்ச்சியைச் சுருக்கினால் இதுதான்: நல்ல கல்லை உடைத்து எண்ணை எழுதிக்கொள்வது. பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஏற்கெனவே துண்டு துண்டு. பலகாரக் கடையில் தட்டை அடுக்கின மாதிரி. என் வேலையை எனக்கு முன்னால் யாரோ செய்துவிட்டார்கள்.

துளை போட்டவர்: ஏகாம்பரம், மாரிகுப்பம். முரட்டுக் கை என்று முடிவு கட்டினேன். சுரங்கக் கேப்டனுக்குக் கடிதம். 'கவனமின்மை' இரண்டு இடத்தில். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறதே என்று இன்னொரு முறை படித்தும் பார்த்தேன்.

பிப். 13, புதன்

டம்ளரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, சரோஜாவிடம் செய்தி இருக்கிறது. பால்காரம்மா சொன்னதாம்: "ஏகாம்பரத்த டிரில்லுலேர்ந்து எறக்கி கல்லு வார வுட்டுட்டாங்கம்மா. உங்க வூட்டு ஐயா இன்னாவோ காயிதம் எய்தினாராமே."

நான் விஞ்ஞானக் காரணங்களை விளக்கினேன். முழுசும் கேட்டாள்.

"ஏங்க, நீங்க அந்த டிரில்லு மெஷினத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

இல்லை.

பிப். 14, வியாழன்

மத்தியானம் ஏகாம்பரமே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருவது வருசமா தொளை போடறேன் சார். மேல் லெவல்ல கோலு மாதிரி முழுசா வரும். கீய போவப் போவ இப்டித்தான். மெல்ல வுட்டாலும் இப்டித்தான்."

"அப்போ கல்லு தானா உடையுதா?" கேட்டபோது நக்கலாகத்தான் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும், நீங்க படிச்சவரு. ஒரு தபா கீய வாங்க. நீங்களே மெஷினப் புடிங்க. முழுசா வந்துச்சுன்னா நான் கல்லே வாரிக்கினு கெடக்கறேன்."

இரண்டு வருடமாக ஆழ லெவல் பாறையைப் பற்றி எழுதுகிறேன். அங்கே போனது ஒரே முறை. மந்திரி வந்தபோது, பின்வரிசையில்.

பிப். 16, சனி

கேப்டனிடம் அனுமதி வாங்கி இறங்கினேன். கேஜ். அப்புறம் இன்னொரு ஷாஃப்ட், அதில் இன்னொரு இரும்புக் கூண்டு. அப்புறம் நடை. வெக்கை. சட்டையைப் பிழியலாம். சுவரே சுடுகிறது.

மெஷினைப் பிடித்தேன். பின்னால் ஏகாம்பரம், சுற்றி ஷிஃப்ட் ஆட்கள். "அமுக்காதீங்க சார். கொயந்தயத் தட்டிக் கொடுக்கற மாதிரி." அப்படியே தட்டிக் கொடுத்தேன். சொந்தக் குழந்தைகளுக்குக்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை. குழாயை உருவி, தட்டில் கவிழ்த்தார்.

வில்லை. வில்லை. வில்லை. ஸ்கேல் வைத்து நறுக்கியதுபோல் எல்லாம் ஒரே கனம். மெஷின் இடித்த காயம் ஒன்றுகூட இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

தலைக்கு மேல் ஒரு மைலுக்கும் அதிகமாகப் பாறை. மனிதன் என்று ஒருவன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தப் பாரம் இந்தக் கல்லை எல்லாப் பக்கமும் இறுக்கிக்கொண்டிருக்கிறது. நாங்கள் சுற்றி ஒரு வளையம் வெட்டுகிறோம். இறுக்கம் விடுகிறது. விட்ட இடத்தில் கல் உடைகிறது. பாரம் ஏற்றினால் கல் உடையும், இது எனக்குத் தெரியும், சம்பளமே அதற்குத்தான். பாரத்தை எடுத்தாலும் உடையும் என்பதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்.

மெஷினை நிறுத்தியதும் சுவருக்குள்ளே டிக், டிக். உள்ளங்கையை வைத்தேன். கையில் தெரிந்தது.

"பேசுது சார்" என்றார் ஏகாம்பரம், மெதுவாக. ரொம்ப நேரம் கையை எடுக்கத் தோன்றவில்லை. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை; அங்கே செருப்பு நினைப்பு.

மேலே வந்ததும் இரண்டாவது கடிதம்: முந்தையது தவறு, வாபஸ். திங்களிலிருந்து பழைய வேலை என்றார் கேப்டன். ஏகாம்பரத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"காயிதம் அவரு மேசையில கெடக்கும் சார். கை முரடுன்னு ஷிஃப்ட்டு பூரா சொல்லிக்கினு கீறாங்க. கேஜாண்ட வந்து வாயால சொல்லுங்க. இல்லாங்காட்டி நான் மெஷினத் தொட மாட்டேன்."

பிப். 17, ஞாயிறு

கறி எடுத்து வந்தேன். சரோஜா முன்னால் ஒத்திகை. பாறையின் இயல்பில் தொடங்கி, அழுத்தம், திசை, விடுபடுதல் என்று போனேன்.

"தப்பு உங்களுதுன்னு எங்க வருது?"

"கடைசியில்."

"மொதல்லயே சொல்லிடுங்க. அதுக்குள்ள அவங்களுக்கு கேஜ் வந்துடும்."

பிப். 18, திங்கள்

காலை ஷிஃப்ட். நீள வரிசை. கேஜ் வாசலில் போய் நின்றேன்.

"தப்பு என்னுது. ஏகாம்பரம் கை முரடு இல்ல. நான் பாக்காம எழுதிட்டேன். சனிக்கிழமை நானே மெஷினப் பிடிச்சேன், அப்பவும் கல்லு அப்படித்தான் வந்தது."

மற்றதெல்லாம் மறந்துவிட்டது. வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார் புடிச்சாரா? மெஷினு உசுரோட கீதா?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை.

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. கேஜில் ஏறி நின்றுகொண்டு கேட்டார்:

"சரி சார். எல்லாம் ஒரே கனமா வருதே, அது இன்னாத்துக்கு?"

மொத்த ஷிஃப்டும் என்னைப் பார்த்தது.

"தெரியாது" என்றேன்.

"அப்ப ஏறுங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.