ஆவணி அனுஷம்

இன்று காலை பக்கத்து ஃப்ளாட் குழந்தை மிட்டாய் டப்பாவோடு வாசலில் நின்றது. "ஆன்ட்டி, எனக்கு பர்த்டே!" பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. நான் பார்த்தது அவளை இல்லை. பக்கத்தில் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்ற தோழியை. ஐம்பது வயதுக்காரி எனக்கு அந்தப் பொடிசைப் பார்த்து வயிறு எரிந்தது. உனக்குத்தான் இதைச் சொல்ல முடியும்.

கோபாலபுரத்தில் நம் பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் என்றால் கலர் டிரெஸ். எல்லோரும் யூனிஃபார்மில் இருக்க, ஒருத்தி மட்டும் பளபளவென்று வருவாள். அதைவிடப் பெரிய விஷயம், வகுப்பு வகுப்பாகப் போய் டீச்சர்களுக்கு மிட்டாய் கொடுக்க அவள் ஒருத்தியைக் கூட்டிப் போவாள். யாரைக் கூப்பிடுகிறாளோ அவள்தான் உயிர்த்தோழி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வீட்டில் பெருநாள் உண்டு, பிறந்தநாள் கிடையாது. பாண்டி பஜாரில் கைப்பைக் கடை வைத்திருந்த அத்தா, என்னைப் பள்ளியில் சேர்த்தபோது தேதி நினைவில்லாமல் "ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்குங்க சார்" என்றுவிட்டார். ஜூன் ஒன்று முழுப் பரீட்சை லீவில் வரும். பொய்ப் பிறந்தநாள்தான், அதையாவது பள்ளிக்கூட நாளாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

உனக்கோ வருஷத்துக்கு இரண்டு. ஆகஸ்டில் தேதிப்படி கேக், கலர் டிரெஸ். அப்புறம் ஆவணி அனுஷத்தன்று எண்ணெய்க் குளியல், கபாலி கோயிலில் அர்ச்சனை, பாயசம். "எங்காத்துல நட்சத்திரம்தான்டி நிஜப் பொறந்தநாள்" என்பாய். ஒருத்திக்கு எதற்கு இரண்டு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் வகுப்பில் உன் பிறந்தநாளுக்கு நீ சுமதியைக் கூட்டிப் போனாய். ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. எட்டாம் நாள் வந்து நின்றாய்.

"எனக்குத்தான் ரெண்டு இருக்கே. அனுஷத்தை நீ வெச்சுக்கோ."

"நிஜமாவா?"

"நிஜமா. திருப்பிக் கேக்க மாட்டேன்."

அந்த ஆவணி அனுஷத்தன்று பெருநாளுக்குத் தைத்த ரோஸ் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன். மிட்டாய்கூட உன் ஆகஸ்ட் டப்பாவில் மிஞ்சியதுதான். மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"உனக்கா நட்சத்திரப் பொறந்தநாள்? என்ன நட்சத்திரம்?"

"அனுஷம் மிஸ்."

"சரி, என்ன ராசி?"

நீ இதைச் சொல்லித்தரவில்லை. "நல்ல ராசி மிஸ்" என்றேன். மிஸ் சிரித்து ஓய்ந்து, "யாரைக் கூட்டிண்டு போறே?" என்று கேட்டார்கள். நீ பாதி எழுந்துவிட்டாய். நான் "சுமதி" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். நீ உட்கார்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். திரும்பி வந்ததும் கேட்டாய்: "ஹெச்.எம். மிட்டாய் எடுத்துண்டாளா?" அவ்வளவுதான். நீ அழுதிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். அழவில்லை, அதற்கும் உன்மேல் கோபப்பட்டேன்.

அப்புறம் நாற்பது வருஷம் நாம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஆகஸ்டில் உனக்கு வாழ்த்துச் சொல்வேன். ஆவணி அனுஷத்தன்று மட்டும் போன் செய்ய மாட்டேன். மயிலாப்பூரில் உன் வீட்டு அடுப்பில் முந்திரி வறுபடுவதாக நினைத்து, அன்றைக்கு என் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். கொடுத்த மாதிரி கொடுத்து மறுவருஷமே திரும்ப எடுத்துக்கொண்டாய் என்பது என் எண்ணம்.

நீ போய்ச் சேர்ந்து, பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்தேன். உன் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, அனுஷம் உங்களுதா?"

எனக்குப் புரியவில்லை.

"பாட்டி வருஷா வருஷம் பாயசம் வெப்பா. அம்மா ஒரு வாய் தொட மாட்டா. 'இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள் இல்ல, அதை ஒருத்திக்குக் குடுத்தாச்சு'ன்னு சொல்லுவா. கோயில்ல அர்ச்சனைகூட அந்த ஒருத்திக்குத்தான். அந்தப் பேரைச் சொன்னா குருக்கள் ஒரு மாதிரி பாப்பார்னு, 'என் சிநேகிதி'ன்னு மட்டும் சொல்லிப் பண்ணச் சொல்லுவா."

இத்தனை வருஷமும் நீ தொடாத பாயசத்துக்குத்தான் நான் எரிந்திருக்கிறேன்.

போன ஆவணியில் அனுஷம் பார்த்து நானே பாயசம் வைத்தேன். வீட்டில் விசேஷம் என்ன என்று கேட்டார்கள். எனக்குப் பிறந்தநாள் என்றேன். யாரும் நம்பவில்லை.

இத்தோடு பொறாமை தீர்ந்தது என்று நினைக்காதே. முழுசாகக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டாமல் இருக்க உனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருக்கிறது. எனக்கு இன்னும் வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.