சுகமாகவில்லை என்று சொன்ன சாட்சி

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் தலைவலித் தைலத்தைத் திறந்தாள். செங்கல்பட்டு தாண்டும் வரை பஸ் முழுக்க உன் வாசனை. சன்னலோரம் உனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவு வந்தது. மறைமலைநகர் வரும் வரை அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. நின்றுகொண்டு வந்தவர்கள் மனசுக்குள் என்னைத் திட்டியிருப்பார்கள். திட்டட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நீ சபையில் சாட்சி சொன்ன அந்த ஞாயிறைப் பற்றி ஒரு தடவை பேசிவிடுகிறேன். அது இல்லாமல் இதைச் சொல்ல எனக்கு வராது.

நம் சபையில் எப்படி இருக்கீங்க என்று கேட்டால், காய்ச்சலில் நடுங்கினாலும் "ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்" என்பதுதான் வழக்கம். நீ ஒருத்திதான் "முட்டி வலி உயிர் போவுது பாஸ்டர்" என்பாய். அவரும் சிரித்துவிடுவார். உன் வயிற்றில் இருப்பது புற்றுநோய் என்று தெரிந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. சபையே உனக்காக உபவாசம் இருந்தது. முடியெல்லாம் கொட்டி, முக்காட்டோடு நீ திரும்பி வந்த அன்று, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லும் சாட்சி நேரத்தில் உன்னை முன்னால் கூப்பிட்டார்கள். "விசுவாசத்தோட சொல்லிடுங்க சிஸ்டர். சுகமாயிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணா சுகம் தானா வரும்" என்று பாஸ்டரம்மா உன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. அந்த அம்மாவுக்குக் கெட்ட மனசில்லை. உனக்காக அழுது அழுது கண் வீங்கியிருந்தவர். கீபோர்டு வாசிக்கிறவர் அல்லேலூயாவுக்குத் தயாராக விரலைக் கட்டைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

நீ மைக்கை வாங்கினாய்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குச் சொகமாவல. இன்னும் பரவிகினுதான் கீதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆண்டவருகிட்ட கேட்டுகினு கீறேன். குடுத்தாருன்னா இதே எடத்துல வந்து சொல்றேன். குடுக்காம, குடுத்தாருன்னு அவரு பேர்ல பொய் சொல்ல மாட்டேன்."

கீபோர்டு வாசிக்கிறவர் விரலை எடுத்துக்கொண்டார். எனக்கு உன்மேல் அப்படியொரு கோபம். அப்போது பின்வரிசையில் மீன் விற்கிற அக்கா எழுந்தாள். "எம் புருசன் குடிய வுட்டுட்டான்னு சாட்சி சொன்னேனே, வுடல. எனக்காவவும் ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் அன்று பிரசங்கமே செய்யவில்லை. முழங்கால் போட்டு, சுகமாகாதவர்களுக்காக வெகுநேரம் ஜெபித்தார்.

ஆராதனை முடிந்ததும் கடலைப் பார்க்க வேண்டும் என்றாய். ஷேர் ஆட்டோ பிடித்து மகாபலிபுரம் போனோம். உன்னால் சாப்பிட முடியாத வறுத்த மீனை எனக்கு வாங்கித் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடித்தாய்.

"பேச்சுக்காவது சொகமாயிட்டேன்னு சொன்னா இன்னாடி கொறஞ்சி பூடும்?" என்று கத்தினேன்.

"சொல்லிட்டு நான் செத்துட்டா? ஒண்ணு, ஆண்டவரு பொய்யாயிடுவாரு. இல்லாட்டி, ஒங்கம்மாவுக்கு விசுவாசம் பத்தலன்னு எம் பொண்ணு காதுபடப் பேசுவாங்க. எதுவானாலும் அவதான்டி சொமக்கணும். உள்ளத உள்ளபடி பேசுன்னுதான அவரு சொன்னாரு? ஒடம்பு சரியில்லன்னா மட்டும் மாத்திப் பேசுன்னா சொன்னாரு?" என்று என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாய்.

போன ஞாயிறு உனக்கு வருஷ நினைவுக் கூட்டம். பேசியவர்கள் எல்லோரும் நீ பயமே இல்லாமல், சிரித்த முகத்தோடு கர்த்தரிடம் போனதாகச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் உன் மகள் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்த, கடைசியா கூட இருந்தது நீதான். அம்மா பயப்படவேயில்லியா? நெசமா சொல்லு."

பயப்படவேயில்லை என்ற பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் சாவுக்குக்கூட அழாத பிள்ளை. இப்போது போய் அவளை உடைக்க வேண்டுமா என்று தோன்றியது. மைக்கைப் பிடித்தபடி நீ நின்றது கண்ணுக்குள் வந்தது.

"பயந்தா கண்ணு. ரொம்ப பயந்தா. ஒம் பேரச் சொல்லிச் சொல்லி அழுதா. அப்பறம் என்னைப் பாடச் சொன்னா. பாடிகினே இருந்தேன். அப்டியே தூங்கிட்டா."

"அம்மாவே பயந்தாங்களா? எனக்குத்தான் விசுவாசம் இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன் அத்த. டெய்லி பயமா கீது." சொல்லும்போதே உடைந்துவிட்டாள். என் தோள் நனைய நனைய அழுதாள். நானும்தான்.

கிளம்பும்போது வாசலில் பாஸ்டரம்மா வழக்கம்போலக் கேட்டார்: "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?"

"நல்லா இல்லம்மா" என்றேன். "அவ இல்லாம கஷ்டமா கீது."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றார்.