காலால் பிறந்தவளுக்கு

12.02.2024

மைனாக்குஞ்சு, இன்றைக்குக் கிளினிக்கில் டொக்டர் பிள்ளை எனக்கு வீட்டுப்பாடம் தந்திருக்கிறா. இடுப்புக்குப் பின்னால் வருகிற இந்த நாரி நோ எத்தனை மணிக்கு வருகிறது, என்ன செய்தால் குறைகிறது, காலுக்கு இறங்குகிறதா என்று ஒரு கொப்பியில் எழுதட்டாம். "எழுதுவியள்தானே அம்மா?" என்று கேட்டா. ஓம் என்றுவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்று சொல்ல வெட்கம்.

வரும் வழியில் என் தம்பி, உன் மாமா ஜெயரூபன் ஓட்டோவை நிற்பாட்டி மருதனார்மடத்தில் இந்தக் கொப்பியை வாங்கித் தந்தான். எழுதுவதென்றால் ஆருக்கு எழுதுவது? நீ போய் மூன்று மாதம். உனக்கே எழுதுகிறேன். நீ இருக்கும்போதும் நான்தான் கதைத்தேன், நீ கேட்டுக்கொண்டு கிடந்தாய். பெரிய வித்தியாசம் இல்லை.

இல்லை. இருக்கிறது.

13.02.2024

காலை நாலரை. இடியப்பம் புழிய இருந்தபோது இடது நாரி, பிறகு பிட்டம், பிறகு கெண்டைக்கால். இருமினால் மின்னல் அடித்த மாதிரி. பத்து மணிக்கும் அப்படித்தான். பிறகு மணி பார்க்கவில்லை.

19.02.2024

முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி நரம்பை நசிக்கிறதாம். ஜாம் வைத்த பணிசைக் கடித்தால் மற்றப் பக்கத்தால் ஜாம் வருகிற மாதிரி என்று டொக்டர் பிள்ளை விளங்கப்படுத்தினா.

ஊரில் எல்லாரிடமும் அதற்கு மருந்து இருக்கிறது. முன்வீட்டுக்காரி நொச்சியிலை அவித்து ஒத்தணம் கொடுக்கச் சொன்னா. என்னிடம் இடியப்பம் எடுக்கிற கடைக்காரர் தவிடு வறுத்துப் பொட்டலம் கட்டட்டாம். ஜெயரூபனின் பெண்சாதி பிரசாந்தி அடுத்த வளவில் இருந்து உள்ளிப்பூண்டு தட்டிப் போட்ட நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து, தானே பூசிவிட்டா. கோயிலில் ஒரு மனுசி, என்னை முன்பின் தெரியாது, "மெத்தையிலை படாதேங்கோ" என்றா. எங்களிடம் ஏது மெத்தை? உனக்குப் போட்டிருந்த ரப்பர் மெத்தை ஒன்றுதான். அது சுருட்டினபடி கிடக்கிறது.

எல்லாம் செய்தேன். எண்ணெய் பூசின அன்று ஒரு மணித்தியாலம் சுகம், பிறகு பழையபடி. இந்த ஊரில் எனக்கு மருந்து சொல்லாதவள் நீ ஒருத்திதான்.

02.03.2024

இன்றைக்குப் படலையடியில் ஒருவர் வந்து நின்றார். உடுப்பிட்டியில் இருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் இருந்து ஒரு பக்கம் கோணிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

"காலாலை பிறந்த பிள்ளை இருக்கிற வீடு இதுதானே தங்கச்சி?"

படலையைத் திறந்துவிட்டேன்.

சண்டைக்கால ஊரடங்கு நேரத்தில் நீ பிறந்தாய். மருத்துவிச்சி வந்து சேர முதல் கால் இரண்டும் வந்துவிட்டது, தலை சுணங்கிவிட்டது. அந்தச் சுணக்கத்தால்தான் நீ நடக்கவும் இல்லை, கதைக்கவும் இல்லை என்று டொக்டர்மார் பிறகு சொன்னார்கள். ஊருக்கு அது வேறு கதை. காலால் பிறந்தவரின் கால் பட்டால் நாரிப்பிடிப்பு விட்டுப்போகுமாம். நடக்கவே நடக்காத காலைத் தேடி வந்தார்கள். வந்தவர் குப்புறப் படுப்பார். நான் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உன் குதிக்காலைப் பிடித்து அவரின் நாரியில் மூன்று தரம் உழக்குவேன். நீ கெக்கட்டம் விட்டுச் சிரிப்பாய், மைனா கத்துகிற மாதிரி.

நான் அதை நம்பினேனோ? தெரியாது. நாரி பிடித்தவன் மட்டும்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தவன், குஞ்சு. மற்றவர்கள் படலையோடு சரி. அதுதான் வரவிட்டேன்.

"பிள்ளை மோசம் போயிட்டுது ஐயா. நவம்பரிலை."

"ஐயோ, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே." பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு நான் நிற்கிற நிலையைப் பார்த்தார். "உங்களுக்கும் நாரி போலை கிடக்கு. பிள்ளை உங்களுக்கு உழக்கேல்லையோ?"

உழக்கவில்லை. உன் காலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான். நான் குப்புறக் கிடந்தால் உன்னை ஆர் வைத்திருப்பது? ஊர் முழுக்க உன் கால் பட்டது. எனக்குப் படவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன். இருக்க அவராலும் ஏலாது, என்னாலும் ஏலாது. இரண்டு பேரும் கோணிக்கொண்டு நின்றபடி குடித்தோம்.

14.03.2024

ஆஞ்சநேயர் கோயிலால் திரும்பும்போது ஒரு பெட்டை பின்னால் ஓடி வந்து, "அன்ரி, உங்கடை செருப்பு" என்றாள். இடது கால் செருப்பு கழன்று இருபது அடி தள்ளிக் கிடந்திருக்கிறது. தார் றோட்டில் வெறுங்காலோடு வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

17.03.2024

பரியாரியார் தியாகராசாவிடம் போனேன். முறிவு நெரிவுக்கு இந்தப் பக்கத்தில் அவர்தான். முட்டை வெள்ளைக்கருவில் மருந்து குழைத்துப் பத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் இடது பெருவிரலைத் தொட்டு, "மேலை இழு பிள்ளை" என்றார்.

இழுத்தேன்.

"இழு எண்டுறன்."

"இழுத்துக்கொண்டுதான் இருக்கிறன் ஐயா."

விரல் அசையவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "இது என்ரை கைக்குள்ளை நிக்கிற அலுவல் இல்லை. எண்ணெய், பத்து எல்லாத்தையும் விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"உங்களை நம்பியெல்லோ வந்தனான்."

"எனக்கு நாரி பிடிச்சு நான் உன்ரை பெட்டையின்ரை காலுக்கு வந்தனான். அப்ப நான் ஆரை நம்பினனான், சொல்லு பாப்பம்?"

சிரிப்பு வந்தது. உன்னைப் பற்றிக் கதைத்து நான் சிரித்தது இதுதான் முதல்தரம். படலை வரைக்கும் வந்து கேட்டார், "எப்ப நாரி பிடிச்சது பிள்ளை?" கனநாள் என்று மட்டும் சொன்னேன்.

உனக்குத் தெரியும். நவம்பர் பதினெட்டுக் காலை. உனக்குச் சளி அடைத்து மூச்சு இழுத்தது. தூக்கி நிமிர்த்தி முதுகில் தட்டினால் சரிவரும், நூறு தரம் செய்திருக்கிறேன். குனிந்தேன். நாரி பூட்டினது மாதிரி நின்றுவிட்டது. கை குடுக்கேலாது, நிமிரேலாது. உன்ரை முகம் நீலம் பாயுது, நான் உனக்குப் பக்கத்திலை விழுந்து கிடக்கிறன். படலை வரைக்கும் தவண்டு போய்க் கத்தினன். பிரசாந்தி ஓடி வந்து தூக்கினவ. பிந்திப்போச்சு. ஒரு வருஷமா நொந்த நாரி, குஞ்சு. ஒருத்தருக்கும் காட்டாமல் விட்டனான். நான் ஆஸ்பத்திரியிலை கிடந்தால் உன்னை ஆர் பாக்கிறது எண்டு விட்டனான். உன்னைப் பாக்கவெண்டு விட்ட நாரிதானே—

இனி இதைச் சுகமாக்கி நான் ஆரைத் தூக்க?

10.04.2024

கல்லுப்பு வறுத்துச் சீலையில் பொட்டலம் கட்டிக் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பிரசாந்தி வந்து எடுத்துப் பார்த்தா. தோல் கொப்பளித்துக் கழன்றிருந்தது.

"மச்சாள்! உங்களுக்கு இது சுடேல்லையோ?"

சுடவில்லை. அவ அழுதா. எனக்கு அழுகை வரவில்லை. உன்னுடைய கால் நடக்காது, ஆனால் உள்ளங்காலில் விரலால் கீறினால் கூசிச் சிரிப்பாய். என்னுடையது நடக்கும், நெருப்பு வைத்தாலும் தெரியாது. என்னுடைய காலும் போகிறதென்று ஒரு நிம்மதி எனக்குள் வந்தது. இதை டொக்டர் பிள்ளைக்குக் காட்டுகிற கொப்பியில் எழுதலாமோ? இந்தத் தாளைக் கிழிக்க வேண்டும்.

18.04.2024

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் பிள்ளை ஒப்பரேசன்தான் என்றா. சுணங்கினால் கால் திரும்பாதாம். சலம் மூத்திரம் போகிறது தெரியாமல் போனால் அந்த நிமிஷமே வரட்டாம். மே இரண்டாம் திகதி வார்ட்டுக்கு வரச் சொன்னா. "ஓம் டொக்டர், நான் கூட்டிக்கொண்டு வாறன்" என்று ஜெயரூபன் எனக்குப் பதிலாகச் சொன்னான்.

ஓட்டோவில் ஏறினதும், "நான் போகமாட்டன்" என்றேன்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் அக்கா? கால் போகும் எண்டு சொல்லுறா."

"போகட்டும். ஒருத்தி பதினேழு வருஷம் நடக்காமல் இருந்தவள்தானே."

அவன் ஓட்டோவை ஓரம் கட்டினான். என்ஜினை நிற்பாட்டிவிட்டுத் திரும்பினான்.

"அவளுக்கு நீ இருந்தனி," என்றான்.

02.05.2024

போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தேன். ஜெயரூபன் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனான்.

09.05.2024

நோ. எல்லா நேரமும்.

21.05.2024

கிணற்றடியில் விழுந்துவிட்டேன். இடது கால் தானாக மடிந்தது. கத்தின சத்தத்துக்குப் பிரசாந்தி வேலியில் இருக்கிற பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தா. அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினா. அவ எலும்பும் தோலும், நான் அவவில் இரண்டு மடங்கு. முதல்தரம் ஏலவில்லை. இரண்டாம் தரம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கி, இழுத்துக் கொண்டுவந்து கட்டிலில் போட்டா. ஈரம் துடைத்தா, சட்டை மாற்றினா. பிரட்டும்போது ஒரு கையை என் தோளுக்குக் கீழும் மற்றதை முழங்காலுக்குக் கீழும் வைத்தா. நான் உன்னைப் பிரட்டுகிற மாதிரியே. ஆர் பழக்கினது? இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறா.

"நோகுதோ மச்சாள்?"

"உனக்கு?"

"எனக்கென்ன, நான் குமர்ப்பிள்ளையெல்லோ," என்று சிரித்தா.

போகும்போது கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றா. மற்றக் கை நாரியில். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டா.

நானும் உனக்கு முன்னால் அப்படித்தான் எடுப்பேன்.

22.05.2024

விடியவே ஜெயரூபனைக் கூப்பிட்டு ஓட்டோவை எடு என்றேன்.

09.07.2024

ஒப்பரேசன் முடிந்து ஐந்து கிழமை. மின்னல் அடிக்கிற நோ போய்விட்டது. உளைவு இருக்கிறது. பெருவிரல் அரைவாசி எழும்புகிறது. மிச்சம் வந்தாலும் வரும், வராமலும் விடுமாம், நான் பிந்தி வந்ததால். பெல்ட் கட்டிக்கொண்டு, ஒருத்தரும் பிடிக்காமல், கிணற்றடி வரைக்கும் போய் வருகிறேன்.

இன்று கிளினிக். இனிக் குனிந்து ஒன்றும் எடுக்கக் கூடாதாம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதாம், எப்பவுமே. வாளியில் தண்ணியும் அரைவாசிதானாம். டொக்டர் பிள்ளை எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டா.

"வீட்டிலை தூக்கிப் பராமரிக்க வேண்டிய ஆக்கள் ஆரும் இருக்கினமோ அம்மா?"

ஜெயரூபன் என்னைப் பார்த்தான்.

"இல்லை," என்றேன்.

"அப்ப பிரச்சினை இல்லை," என்று எழுதினா. அவவில் பிழை இல்லை, அவவுக்குத் தெரியாது.

ஓட்டோவில் வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஆராவது உன்னைத் தூக்கி நீ தப்பியிருந்தாலும், இந்த நாரி இப்படித்தான் ஆகியிருக்கும். வெட்டினாலும் தூக்கேலாது, வெட்டாமல் விட்டாலும் தூக்கேலாது. அதை நினைக்க நெஞ்சு கொஞ்சம் லேசாகுது குஞ்சு. லேசானதுக்காக என்ரை தலையிலை நானே அடிக்கவேணும் போலையும் கிடக்கு. நீ இப்ப இருந்தால், நாளைக்கு விடிய உன்னை ஆர் தூக்குவினம்?