இன்ஜின் சூடு

ஈரச் சுண்ணாம்பின் நெடி. மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். அப்பா, உங்கள் கால் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

காலையில் டூட்டிக்குக் கிளம்பும்முன் அம்மா அதில் சுண்ணாம்பு தடவுவாள். நீர்க்கடுப்புக்கு. நீங்கள் மைசூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பஸ் ஓட்டுகிறவர். இன்ஜினை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் வரும் சூடு என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். வெந்தயத் தண்ணீர், பார்லிக் கஞ்சி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். டிரைவர் வீடுகள் எல்லாவற்றிலும் அதே வைத்தியம்.

ஒரு கோடை விடுமுறையில் நானும் அந்த பஸ்ஸில் வந்தேன். கொள்ளேகால் தாண்டி வண்டியை நிறுத்தி இறங்கினீர்கள். கொஞ்ச தூரம் போய், மறுபடியும். மரத்தடியில் நெடுநேரம் நின்றீர்கள். கண்டக்டர் கத்தினார்:

"ஏன் ட்ரைவரே, புளியமரமெல்லாம் நம்ம ஸ்டாப்பா? போர்டு எழுதி மாட்டிரலாமா?"

"வயசானா டேங்க் சிறுசாயிரும் குரு. உனக்கும் வரும், இரு."

பஸ்ஸே சிரித்தது.

அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் ஒருமுறை டாக்டரிடம் வந்தீர்கள். அவர் தாளில் வரைந்து காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே ஒரு சிறு சுரப்பி. புராஸ்டேட். வயதாக ஆக வீங்கும். பெரும்பாலும் வெறும் வீக்கம்தான். சிலருக்குப் புற்று. அது ஆரம்பத்தில் வலிக்காது, தானாக எதுவும் சொல்லாது. தேடினால்தான் தெரியும். ஒரு ரத்தப் பரிசோதனை. அது மைசூருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது என்றார். பிறகு ஆசனவாய் வழியாக விரலால் தடவிப் பார்ப்பது.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"வண்டிக்கு டைமாச்சு சார். மலைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன்."

வாசலில் நான் கெஞ்சினேன். "ரத்தமாவது குடுங்கப்பா."

"சும்னே இருடா. வெளிய சொன்னா டிப்போவே சிரிக்கும்."

இரண்டு வருடம் மலை ஏறி இறங்கினீர்கள். பிறகு இடுப்பு வலித்தது. அதற்கும் காரணம் தயாராக இருந்தது: சீட்டில் பள்ளம். அம்மா பஞ்சுத் திண்டு தைத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது முறை டாக்டர் எதையும் வரையவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். புற்று எலும்புவரை பரவிவிட்டது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் வழி இருந்திருக்கும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கூடப் பிறந்தவங்க, பசங்க, இந்த டெஸ்டுக்கு ஐம்பது வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

அடுத்த மழைக்கு நீங்கள் இல்லை.

உங்கள் தம்பிக்கு, சித்தப்பாவுக்கு, இப்போது நாற்பத்தாறு. எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்கு அதுதான் பயம். பல மாதம் பேசிப் பேசி இன்று கூட்டி வந்திருக்கிறேன். ரத்தம் எடுத்தாகிவிட்டது. டாக்டரின் அறை வாசலில் நின்று சித்தப்பா திரும்பினார்.

"உங்கப்பனாட்ட நானும் ஓடி வந்தா, கதவ வெளிய தாப்பாப் போட்டுரு."

குரல் உங்கள் குரல். சிரிக்க முயன்றேன். கதவு மூடியது. உள்ளே பெல்ட் கழலும் சத்தம்.

உங்கள் நெற்றி எனக்கு வந்திருக்கிறது, நடையும். இன்னும் என்னவெல்லாம் வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் முறை வரும், அப்பா. உள்ளே போவேன்.