நீ தட்டச்சு செய்யாத பதினோரு உத்தரவுகள்

நேற்று ஒரு பத்திர நகலுக்காகத் தஞ்சாவூர் போயிருந்தேன். அங்கே மரத்தடியில் ஒருவர் இன்னும் பழைய தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு தாள்களுக்கு நடுவே அவர் கார்பன் தாளைச் செருகியபோது, மெழுகும் மையும் கலந்த அந்த வாசனை வந்தது. "என்னம்மா, தலை சுத்துதா?" என்றாள் கூட வந்த மகள். நீலம் படிந்த உன் விரல் நுனிகள்தான் கண்ணுக்குள் நின்றன.

நீ போய் நாற்பது நாள்தான் ஆகிறது.

நாம் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தபோது இருவருக்கும் இருபத்து நாலு வயது. சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதிய ஆட்சி சட்டம் கொண்டுவந்திருந்த காலம். பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை எளிதில் நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாது. அதனாலேயே, ஏறுவதற்குள் வெளியேற்றிவிட நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலர் துடித்தார்கள். ஊருக்கு ஊர் கொடி, ஊர்வலம், போலீஸ் வேன். அத்தனை பேரும் காலையில் நம் வாசலில் நிற்பார்கள். விசாரித்து உத்தரவு எழுதுவது என் வேலை, தட்டச்சு செய்வது உன் வேலை. தாசில்தார் கையெழுத்துப் போடுவார். குவியும் தாள்களை எல்லாம் அவரால் படிக்க முடியாது. என் எழுத்தை நம்பித்தான் போட்டார்.

முதலில் வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னார்கள், வந்தேன். பிறகு எப்போதென்று தெரியாமல் உள்ளே ஏதோ வற்றிப்போனது. அம்மா கூப்பிடுவது காதில் விழும், பதில் சொல்லத் தோன்றாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் காரணமில்லாமல் அழுதிருக்கிறேன். இன்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. என் மகள் அதைச் சொல்லித்தான் சென்னை கம்பெனியில் லீவு வாங்கி வந்திருக்கிறாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சோம்பேறியாகிவிட்டேன் என்பதுதான். அதனால் இன்னும் அதிகமாக உழைத்தேன்.

அஞ்சலை என்ற பெண் நாலாவது தடவையாக வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பிற்பகல். வெளியே இன்னும் கூட்டம்.

"எழுத்து ஏதாவது இருக்கா?" என்றேன்.

"நெலத்துக்காரங்க எழுதிக் குடுத்ததே இல்லீங்களே. எங்க வீட்டுக்காரரு போனப்பறம் ஏழு வருசமா நான்தாங்க நடவு போடுறேன்." புடவையைக் கொஞ்சம் உயர்த்தி, விரலிடுக்கெல்லாம் சேத்துப்புண் வெந்திருந்த காலைக் காட்டினார். "இதப் பாருங்க."

நான் பார்க்கவில்லை. "எழுத்து இல்லாம ஏன் திரும்பத் திரும்ப வந்து உசுர வாங்குறீங்க?" என்று கத்தினேன். அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். 'ஆதாரம் இல்லை. தள்ளுபடி' என்று ஒரு வரி எழுதி உன் மேசையில் போட்டேன்.

நீ அதைப் படித்தாய். இயந்திரத்தில் தாள் செருகவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "இவளே, நீயும் வா" என்று சொல்லிவிட்டு நேரே தாசில்தார் அறைக்குள் போனாய். நீயோ தற்காலிக ஊழியர். உன் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"பதினோரு உத்தரவு சார். நான் டைப் அடிக்கல."

"அடிக்கலையா? யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல சார்."

அவர் மேசையில் இரண்டு வரிசையாகத் தாள்களைப் பரப்பினாய். "இது இவ காலைல எழுதினது. யார் உழுதாங்க, எந்த வாய்க்கால் தண்ணி, எல்லாம் கேட்டு எழுதியிருக்கா. இது மூணு மணிக்கு மேல எழுதினது. எல்லாம் ஒரே வரி. கையெழுத்தே மாறிப்போச்சு பாருங்க. மூணு மணிக்கு மேல வந்தவங்க ஒருத்தர்கூடவா நெசம் பேசல? இவ நல்லவ சார். ஆறு வாரமா ஒரு நாள் வீட்ல இருந்ததில்ல. களைச்சுப்போன கையால ஒருத்தருக்கு நிலம் போகக் கூடாது."

உன் குரல் நடுங்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் என் கையெழுத்தையே முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அவர் பதினொன்றையும் படித்தார். "இதுக்கு முன்னாடி போனது?" என்றார் மெதுவாக.

"போன வாரந்தான் எனக்கே புரிஞ்சுது சார். அதுக்கு முன்னாடி அடிச்சது, அடிச்சதுதான்." அப்போதுதான் உன் குரல் உடைந்தது.

என்னை நாலு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டு நாளும் தூங்கினேன். திரும்பியபோது விசாரணை மதியம் வரைதான் என்று ஆகியிருந்தது. எனக்குத் துணையாக இன்னொருவரைப் போட்டிருந்தார்கள். ஞாயிறு விடுமுறை. வயலை நேரில் பார்க்காமல் தள்ளுபடி கிடையாது. நாம் இருவரும் பஸ் ஏறி அந்தப் பதினோரு பேரின் ஊருக்கும் போனோம். அஞ்சலையின் வயலில் பக்கத்து நிலத்துக்காரர், "வேற யாரு பண்றா? அந்தப் புள்ளதான் பண்ணுது" என்று சிரித்தார். அஞ்சலையின் பெயர் ஏறியது. பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு ஏறியது.

அடுத்த மூன்றாம் மாதம், "சீர்காழில டைப் பள்ளிக்கூடத்துல வேலை கெடச்சிருக்குடி, வீட்டுக்கும் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் நம்பினேன். இத்தனை வருடமும் நம்பினேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் உன் தங்கை சொன்னாள்: "ஆபீஸ் காயிதத்த அக்கா மறைச்சு வச்சதா மேலதிகாரிக்கு யாரோ எழுதிட்டாங்க. அதான் நீட்டிப்பு குடுக்கல. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிடுச்சு."

எத்தனை கல்யாணங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். உன் முகத்தில் ஒரு நாள்கூட அது தெரிந்ததில்லை. இவ்வளவு பெரிய ஒன்றை அந்த ஒல்லி உடம்பில் எங்கே வைத்திருந்தாய்? மலைத்துப்போய் நிற்கிறேன்.

பிறகு நானே கையெழுத்துப் போடும் இடத்துக்கு உயர்ந்தேன். ஓய்வு பெறும்வரை மூன்று மணிக்கு மேல் எந்த மனுவுக்கும் 'இல்லை' என்று எழுதியதில்லை. காலைக்கு எடுத்து வைப்பேன். "அம்மாவுக்குத் தினமும் மூணு மணிக்கு மேல ராகு காலம்" என்று கீழே இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களையும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அந்த வயல்கள் இருக்கும் குத்தாலம் வழியாகப் போகும்போதெல்லாம் வயலில் குனிந்து நிற்கும் முகங்களைப் பார்க்கிறேன். அந்தப் பதினொன்றுக்கு முன்னால், என்னுடைய ஒரு வரியால் யார் யார் நிலம் போனதோ, எனக்குத் தெரியாது. அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அது அதோடு நின்றது உன்னால்.