மூடியைத் திறந்தது நான்தான், அடுப்பை அணைச்சது நீங்க

ஏங்க,

நேத்து கோழி பாதி வேகும்போதே மரத்தூள் பெல்லட் போட்டு எரிக்கிற உங்க அடுப்பு அணைஞ்சதும், நான் அடுப்பு மூடியைத் திறந்து திறந்து பார்த்ததுதான் காரணம்னு உங்க அக்கா முன்னாடி தாம்தூம்னு குதிச்சீங்களே! காலையில உள்ளே கையை விட்டேன். பெல்லட்டெல்லாம் ஊறி, கஞ்சியாகி, அது உள்ளே போற குழாயை அடைச்சிருக்கு. ஈரத்துணி சொட்டுற கொடிக்குக் கீழே பெல்லட் மூட்டையை வெச்சது யாருங்க?

எல்லாத்தையும் சுரண்டிட்டேன், சாம்பலையும் அள்ளிட்டேன். மசாலா தடவின கோழி ஃபிரிட்ஜ்ல இருக்கு. அக்கா இன்னிக்கும் வர்றாங்க, அதுக்குள்ள பத்த வெச்சிடுங்க.

புது மூட்டை ஈரமே படாத இடத்துல இருக்கு. கட்டில்ல, உங்க பக்கம். நீங்க சோபாவுல படுத்துக்கலாம்.

பி.கு.: அக்காகிட்ட அதே வாயால உண்மையைச் சொன்னா, மூட்டையை இறக்கிடுறேன்.

இன்னொண்ணு: மூடியை இன்னிக்கும் திறந்துதான் பார்ப்பேன்.